நசீரா டீச்சரைத் திருத்தியவர்

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மேலாளர் பிரிவில் உள்ள எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய நகரம். அதன் ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்குத் திகதி குறித்துக் கடிதம் அனுப்பும் பிரிவில் எனக்கு வேலை. யாரோ ஒரு கடிதத்தைப் பிழையான விலாசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மின்னஞ்சல் அதைப் பற்றியது. ‘நீங்கள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்’ என்பதை அந்த அம்மணி ‘யூ ஷுட் ஒஃப் டோல்ட் மீ’ என்று எழுதியிருந்தார்.

‘ஷுட் ஹாவ்’ என்று வரவேண்டிய இடம் அது. இவர்கள் பேசும்போது ‘ஹாவ்’ தேய்ந்து ‘அவ்’ ஆகிவிடும். அது காதில் ‘ஒஃப்’ மாதிரி விழும். விழுந்ததை அப்படியே எழுதிவிடுகிறார்கள். அதே மின்னஞ்சலில் ‘யுவர்’ பல இடங்களில் வந்தது. ‘உங்களுடைய’ என்பதற்கும் ‘நீங்கள் இருக்கிறீர்கள்’ என்பதற்கும் ஒரே எழுத்துக்கூட்டல். கடைசி வரியில் ‘தொலைத்துவிடாதீர்கள்’ என்று சொல்ல வந்தவர் ஓ எழுத்தைக் கூட ஒன்று போட்டு, ‘தொளதொளக்காதீர்கள்’ என்பதுபோல் ஆக்கியிருந்தார்.

அந்த அம்மணிக்கு வேறு மொழி தெரியாது. பிறந்ததிலிருந்து பேசிவரும் ஒரே மொழியை அவருக்கு எழுத வரவில்லை. பிரிவு முழுவதும் வாசித்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. மத்தியானம் எல்லோரும் அவரோடு இருந்து சாண்ட்விச் சாப்பிட்டார்கள். அவருடைய சம்பளம் குறையவில்லை, மரியாதை குறையவில்லை, அவருடைய மகளின் கல்யாணமும் நிற்கவில்லை.

எங்கள் ஊரில் நின்றது. ‘ஹார்ட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு ‘லி’ கூடிப்போனதில் தொடங்கி நின்றது. அடுத்த மாதம் அதற்கு ஒரு வருடமாகிறது. அந்த மின்னஞ்சலை வாசித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஆகையால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கண்டிக்காரர்கள் யாரென்று கண்டுபிடித்தால் அது என் பிழையல்ல.

2

முதலில் என் கதை கொஞ்சம்.

இங்கே வந்த புதிதில் ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வில், எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்கள். ‘ஐ பாஸ்ட் அவுட் இன் கண்டி’ என்றேன். நம் நாட்டில் படித்து முடித்து வெளியேறியவர்கள் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம். எதிரே இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாக, இப்போது உடம்பு பரவாயில்லையா என்று விசாரித்தார். நான் கண்டியில் மயங்கி விழுந்ததாக அவர்களுக்கு விளங்கியிருக்கிறது. வேலை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் என் வாயைக் காவல் காத்தேன். ‘கசின் பிரதர்’ என்று சொல்லாமல் இருக்கப் பழகினேன். சாச்சாவின், அதாவது வாப்பாவின் தம்பியின், மகனை வெறும் ‘கசின்’ என்று சொல்லும்போதெல்லாம் அவனை வீட்டுக்கு வெளியே நிறுத்திவைத்த மாதிரி இருக்கும். லைட்டை அணைக்க ‘ஓஃப் த லைட்’ என்று சொல்லாமல், அதற்குரிய வினைச்சொல்லைத் தேடிப் போட்டேன். என்னிடம் ‘போரோ மீ எ பென்’ என்று கேட்கிற பக்கத்து மேசைக்காரனுக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. இரவல் கொடுப்பதும் இரவல் வாங்குவதும் அவனுக்கு ஒன்றுதான். அவன் கேட்ட பேனையை எடுத்துக் கொடுப்பேன். திருப்பித் தரமாட்டான்.

என் மகன் யூசுப் இங்கே பிறந்தவன். அவனுக்குத் தமிழில் சோறு, போதும், சரி, வாங்க ஆகிய சொற்கள் சுத்தமாக வரும். என் ஆங்கிலத்தில் பிழை வந்தால் மாத்திரம் காது கூர்மையாகிவிடும். ‘அப்படி யாரும் சொல்வதில்லை வாப்பா’ என்பான், ஆங்கிலத்தில். யாரும் சொல்வதில்லையாம். இரண்டு கோடிக்கும் மேலானவர்கள் இருக்கிற ஒரு தீவில் எல்லோரும் சொல்வதை அவனுடைய வகுப்பில் யாரும் சொல்வதில்லை. அவ்வளவுதான். ஆனால் சின்னப் பையனிடம் போய் இதை விவாதித்து என்ன காண்பது.

3

என் தாத்தா கண்டிக்குப் பக்கத்தில் கலகெதரையில் இருக்கிறாள். எங்கள் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். வெளியூர்த் தமிழர்கள் இந்த இடத்தில் குழம்புவார்கள், அதற்காகச் சொல்கிறேன். பெயர் நசீரா. ஊரில் நசீரா டீச்சர். ஆயுள் முழுக்கக் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். மச்சான் காலமான பிறகு தனியாளாக நின்று சுமையாவை வளர்த்தாள். சுமையா அவளுடைய ஒரே மகள், அரசாங்க நிலஅளவையாளர். கடுகண்ணாவைப் பக்கத்து மலைச்சரிவுகளில் வெயிலில் ஏறி இறங்கிக் காணி அளக்கிற வேலை.

சுமையாவுக்கு முப்பது வயது நெருங்கும்போது ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை இஃப்ஹாம் கண்டியில் ஒரு வங்கியில் வேலை செய்பவன். தொலைபேசியில் ஒருவரோடு ஒருவர் கதைத்து, இருவருக்கும் பிடித்துப்போனது. பிரச்சினை மாப்பிள்ளையின் வாப்பா.

ஜவ்பர் சேர் என்று அவரைச் சொல்வார்கள். பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவர், ஓய்வுபெற்றபின் கட்டுகஸ்தோட்டையில் சொந்தமாக ஓர் ஆங்கில வகுப்பு நடத்துகிறார். வாசலில் ஆளுயரப் பலகை. அதில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று நான் ஆசையாகத் தேடிப் பார்த்தேன், இருக்கவில்லை. இனி நான் எழுதப்போகும் இடங்களிலெல்லாம் அவர் சொன்ன திருத்தங்கள் சரியானவை என்பதையும் சொல்லிவிடவேண்டும். இலக்கணத்தில் அந்த மனிதர் ஒருநாளும் சறுக்கவில்லை. வேறொன்றும் அவரிடம் இருக்கவில்லை.

நிக்காஹ்வை என் விடுமுறைக்குள் முடிக்கவேண்டும் என்று பேச்சு. நான் தனியாக ஊருக்குப் போனேன்.

4

அவர்களுடைய வீட்டுக்குத் தாத்தாவும் சுமையாவும் நானும் போன நாள் ஞாயிற்றுக்கிழமை. நல்ல வீடு. கதிரைகளுக்கெல்லாம் வெள்ளை உறை. ஜவ்பர் சேர் வாசலுக்கு வந்து சலாம் சொன்னார். அந்தச் சலாமுக்குப் பிறகு தமிழ் முடிந்தது.

நான் இங்கிலாந்திலிருந்து வந்தவன் என்பதால் என்னோடு மிகுந்த அன்பாக இருந்தார். அவரும் நானும் ஒரே சாதி என்பதுபோல் நடந்துகொண்டார். திகதியைப் பற்றிப் பேசலாம் என்று நான் சொன்னபோது ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று என் வாயில் வந்துவிட்டது. புன்னகையோடு விரலை உயர்த்தி, ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ இருக்கிறது, ‘அபவுட்’ தேவையில்லை என்று விளக்கினார். சம்பந்தம் பேச வந்த இடத்தில் இலக்கணப் பாடம். நன்றி சொன்னேன். வேறு என்ன செய்ய.

அவருடைய மனைவி பரீதா தேத்தண்ணித் தட்டோடு வந்து வைத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார். கையைக் காட்டித் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். வாய் திறக்கவில்லை. இஃப்ஹாம் தன் கைத்தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஜவ்பர் சேர் தாத்தாவின் பக்கம் திரும்பினார். மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தாத்தாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், கேட்டால் விளங்கும். பேசிப் பழக்கமில்லை. தமிழில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் மகளைக் குறைவாக நினைத்துவிடுவார்கள் என்று பயந்திருக்கவேண்டும். முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“மை டோட்டர் வேர்க்ஸ் வெரி ஹார்ட்லி.”

மகள் கடுமையாக உழைப்பவள் என்று சொல்ல வந்தாள். ‘ஹார்ட்’ என்றால் போதும். ‘லி’ சேர்ந்தால் பொருள் தலைகீழாகிவிடும். ‘ஹார்ட்லி’ என்றால் அநேகமாக இல்லை என்று அர்த்தம். மற்றச் சொற்களில் அந்த ‘லி’யைப் போடாவிட்டால் பிழை, இந்தச் சொல்லில் போட்டால் பிழை. ஒரு கணித ஆசிரியை விதியை நம்பிப் போனாள். விதி அவளைக் கைவிட்டது.

ஜவ்பர் சேர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். பிறகு, எங்களுக்கு விளங்கவேண்டுமாம், தமிழுக்கு இறங்கி வந்தார்.

“டீச்சர், நீங்க இப்ப என்ன சென்னீங்க தெரியுமா? ஒங்கட மகள் வேலையே செய்யமாட்டா எண்டு சென்னீங்க. அரசாங்கச் சம்பளம் சும்மாதான் எடுக்குறாவா?”

இஃப்ஹாமும் சிரித்தான். கெட்ட சிரிப்பல்ல, வாப்பா சிரித்தால் சிரிக்கவேண்டும் என்று பழகிய சிரிப்பு. தாத்தாவும் சிரித்தாள். அவளுடைய கழுத்து சிவந்துபோயிருந்ததை நான் பார்த்தேன். சுமையா யாரையும் பார்க்காமல் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.

அன்றைக்கே பரீதா சுமையாவின் விரலில் மோதிரம் போட்டார். அதற்கும் வாய் திறக்கவில்லை, நெற்றியில் ஒரு முத்தம் மாத்திரம்.

5

அடுத்த கிழமை ஜவ்பர் சேர் அழைப்பிதழின் மாதிரியை எடுத்துக்கொண்டு கலகெதரைக்கு வந்தார். முழுவதும் ஆங்கிலம். தாத்தா தமிழிலும் ஒரு பக்கம் போடலாமா என்று கேட்டாள். தமிழ் வாசிக்கிறவர்களுக்கு வாயால் சொன்னால் போதும் என்றார்.

போகும்போது, செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

“டீச்சர், வலீமா விருந்துக்குக் கொழும்பிலிருந்து என்ட பழைய மாணவர்கள் குடும்பத்தோட வருவாங்க. பெரிய பெரிய ஆக்கள். பொம்புளகள் ஈக்கிற பக்கத்துல நீங்க ஒண்டும் பேசத் தேவையில்ல. ஸ்மைல் பண்ணுங்க. அது போதும். பேசுறதுக்கு ஒங்கட தம்பி ஈக்கிறாரு தானே.”

என் முகத்தைப் பார்த்து, கூட்டாளியிடம் கேட்பதுபோல் தலையாட்டினார். “சேர், பொம்புளகள் ஈக்கிற பக்கத்துல நான் போய் என்னத்தப் பேசுற?” என்றேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். தோலின் தடிப்பு அவ்வளவு. தாத்தா படலை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “சரி, அவரு செல்றதும் சரிதான்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தாத்தாவுக்கு அடிக்கடி பல் வலித்தது. கண்டிக்குப் போய் மருந்து கட்டவேண்டும் என்று காலையில் பஸ் ஏறிவிடுவாள். கூட வருகிறேன் என்றால் வேண்டாம் என்பாள். நான் நம்பினேன்.

6

சுமையாவுக்கு லீவு கிடைத்த ஒரு நாள், கல்யாணத்துக்குத் துணி எடுக்க அவளும் நானும் கண்டிக்குப் போனோம். கூட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி நடந்து, கடைகளுக்கு நடுவில் ஒரு பழைய கட்டடத்தைக் கடக்கும்போது சுமையா நின்றுவிட்டாள். படிக்கட்டில் தாத்தா ஏறிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு கொப்பி. அவளுக்கு முன்னும் பின்னும் பாடசாலை முடித்த வயதுப் பிள்ளைகள்.

மேல்மாடியில் ஒரு பேச்சு ஆங்கில வகுப்பு. ஜவ்பர் சேருடையது அல்ல, வேறொருவருடையது. பல் டாக்டர் அந்தக் கட்டடத்தில் எங்கும் இல்லை.

நாங்கள் படியில் பாதி வரை ஏறி நின்றோம். கதவு திறந்திருந்தது. படிப்பித்தவள் சுமையாவை விடவும் இளையவள். அவள் ஒரு சோடி சொல்லைச் சொல்ல, வகுப்பு திருப்பிச் சொன்னது. லேட், லேட்லி. நியர், நியர்லி. ஹார்ட், ஹார்ட்லி. பிள்ளைகளின் குரல் சளசளவென்று போக, ஒரு குரல் மாத்திரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தி, மிகக் கவனமாக வந்தது. ஆயிரம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த குரல் அது.

சுமையா உள்ளே போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். துணிக்கடைக்கும் போகவில்லை. நேரே வாவிக்கரைக்கு நடந்து, அங்கிருந்து இஃப்ஹாமுக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் தள்ளி நிற்கப் போனேன், வேண்டாம் நில்லுங்கள் என்று சைகை காட்டினாள்.

“ஒங்கட வாப்பா எங்கட உம்மாவைக் கல்யாணத்துல பேசவாணாம் எண்டு சென்னது ஒங்களுக்குத் தெரியுமா?”

அவன் பதில் எனக்குக் கேட்கவில்லை. அவள் பிறகு சொன்னாள். ‘வாப்பா அப்படித்தான். நாங்க எல்லாரும் பழகிட்டோம். நீங்களும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்க’ என்றானாம்.

“நீங்க அவருக்கிட்ட ஒரு வார்த்த செல்லுவீங்களா?”

நீண்ட நேரம் காதில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு, “சரி, விளங்குது” என்று சொல்லி வைத்துவிட்டாள். சில மாதப் பழக்கம், அந்த இரண்டு சொல்லோடு முடிந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வீட்டுக்குப் போகலாம் மாமா என்றாள்.

7

பெரிய சண்டை அன்று மாலை வீட்டில் நடந்தது. ஜவ்பர் சேரோடு அல்ல, உம்மாவுக்கும் மகளுக்கும்.

“ஒரு சொல்லுக்காகக் கல்யாணத்த ஒடைக்கப் போறியா?” என்றாள் தாத்தா.

“சொல்லுக்காக இல்ல உம்மா. நீங்க அதப் படிக்கப் போனதுக்காக.”

“நான் படிக்கப் போனா ஒனக்கு என்ன? படிக்கிறது குற்றமா?”

“பல்லுக்கு எண்டு பொய் சென்னீங்களே. ஆசைக்குப் படிக்கப் போறவங்க ஒளிச்சிப் போவாங்களா?”

தாத்தா என்னைப் பார்த்தாள். நான் மகளுக்குப் புத்தி சொல்லவேண்டும் என்பது அந்தப் பார்வை. முப்பது வயதில் ஒரு பெண் மோதிரத்தைக் கழற்றினால் ஊர் என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பள்ளிவாசல் சந்தியிலிருந்து கடைத்தெரு வரை ஒவ்வொருவரும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள், எல்லாம் பெண்ணின் மேல்தான் விழும். ஆனாலும் நான் சுமையாவின் பக்கம் நின்றேன். தாத்தா கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மோதிரத்தைக் கொடுக்க நானும் சுமையாவும் மாத்திரம் போனோம்.

ஜவ்பர் சேர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். இஃப்ஹாம் வேலைக்குப் போயிருந்தான், அல்லது போனதாகச் சொன்னார்கள். நான் எனக்குத் தெரிந்த மரியாதையான ஆங்கிலத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு, மோதிரத்தைத் திருப்பித் தர வந்திருக்கிறோம் என்றேன். ‘ரிட்டர்ன் பேக்’ என்று சொல்லிவிட்டேன்.

அந்த மனிதரின் மகனுடைய கல்யாணம் அவர் கண்முன்னே முறிகிறது. ஏன் என்று கேட்கவில்லை. முகம்கூட மாறவில்லை. வலது கையின் சுட்டுவிரல் தானாகவே உயர்ந்தது.

“‘பேக்’ வாணாம். ‘ரிட்டர்ன்’ எண்டாப் போதும்” என்றார்.

இவ்வளவு காலத்தில் பல நாட்டு முட்டாள்களை நான் சந்தித்திருக்கிறேன். பாஸ்போட்டைப் பார்க்காமலே என்னைத் தவறான வரிசைக்கு அனுப்பியவர்கள், என் பெயரை வேண்டுமென்றே வேறு வேறு மாதிரி உச்சரித்தவர்கள். அவர்கள் யாரிடமும் அந்த நிமிடத்தில் வந்த அருவருப்பு எனக்கு வந்ததில்லை.

சுமையா மேசைமேல் மோதிரத்தை வைத்தாள். “திருத்திட்டீங்க தானே சேர். இனி எடுத்து வைங்க” என்றாள்.

அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்திருக்கவேண்டும். எழுந்து ஆங்கிலத்தில் சத்தம் போடத் தொடங்கினார். நன்றிகெட்டவர்கள், நாட்டுப்புறத்தார், இன்னும் என்னவோ. ஒரு வினைச்சொல் பிசகவில்லை.

நாங்கள் வெளியே வந்தோம். முச்சக்கரவண்டியில் ஏறப்போகும்போது வீட்டின் பக்கவாசலால் பரீதா ஓடிவந்தார். தலையில் முந்தானையைச் சரியாக இழுத்துவிடக்கூட நேரமில்லாமல் வந்திருந்தார். சுமையாவின் கையைப் பிடித்தார். அந்தப் பெண்ணின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். நல்ல கனத்த குரல்.

“மகள், ஒங்கட உம்மாவுக்கு என்ட சலாத்தச் செல்லுங்க. அவங்களோட கதைக்க எனக்குச் சரியான ஆச. நானும் கணக்கு டீச்சர்தான். கல்யாணம் முடிச்ச புதுசுல, இவரோட சிநேகிதமாருக்கு முன்னால நான் ஒரு சொல்லப் பிழையா சென்னேன். மறுகா ஆக்கள் வந்தா நான் பேசுறதில்ல. அப்படியே வேலையையும் விட்டுட்டேன்.”

சுமையா தன் மற்றக் கையையும் அவருடைய கைமேல் வைத்தாள்.

“நீங்க செஞ்சது சரி” என்றார் பரீதா. உள்ளே இருந்து அவருடைய பெயர் கேட்டது. போய்விட்டார்.

8

இஃப்ஹாமுக்குச் சில மாதங்களில் கொழும்பில் கல்யாணமாகிவிட்டது. அழைப்பிதழ் ஆங்கிலத்தில்தான் அடித்தார்களாம். ஊரில் சுமையாவைப் பற்றி நான் எதிர்பார்த்ததெல்லாம் சொன்னார்கள், எதிர்பார்க்காத சிலதும் சொன்னார்கள். அவள் கடுகண்ணாவையில் காணி அளக்கிறாள். பிறகு வந்த சம்பந்தங்களில் ஒன்றும் கூடிவரவில்லை. அதைப் பற்றி நான் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள். நானும் நல்லவேளை நின்றது என்று தொலைபேசியில் வீரம் பேசுவதில்லை. அங்கே அந்த வீட்டில் இருப்பது அவர்கள், நானல்ல.

யூசுப்புக்கு இந்தக் கதையை ஒருநாள் சொன்னேன். பாதித் தமிழில், மீதி ஆங்கிலத்தில். கேட்டுவிட்டு, ‘இலக்கணத்துக்காகவா கல்யாணத்தை நிறுத்தினார்கள்?’ என்று கேட்டான். ஆம் என்று சொன்னாலும் பிழை, இல்லை என்றாலும் பிழை. இன்னும் பெரியவனாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தாத்தா மகளோடு கனகாலம் முகம்கொடுத்துப் பேசவில்லை. பேச்சு ஆங்கில வகுப்பை மாத்திரம் விடாமல் முடித்தாள். தொடங்கியதைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை என்றாள். பரீதாவின் சலாத்தைச் சுமையா கொண்டுபோய்ச் சொன்ன அன்று, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து “திருப்பிச் செல்லு, என்ன சென்னாங்க?” என்று கேட்டாளாம். அவர்களுக்குள் பேச்சு முறிந்திருந்த அந்த நாட்களில் கேட்ட ஒரே கேள்வி.

நேற்று நான் தொலைபேசி எடுத்தபோது வேறொரு அழைப்பில் இருந்தாள். ஒரு மணித்தியாலம் கழித்துத் தானே எடுத்தாள். யாரோடு இவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

“பரீதா” என்றாள். ஜவ்பர் சேர் வகுப்புக்குப் போன பிறகு எடுப்பாராம். கிழமையில் இரண்டு, மூன்று தரம். பழைய கணக்கு வாத்திமார், தாத்தாவின் முழங்கால் வலி, மரக்கறி விலை, மருமகள், எல்லாம்.

“அந்த மனுசி என்னத்தக் கதைக்கப் போகுது? மோதிரம் போட்ட அண்டைக்கு ஒரு சொல் பேசல்லையே” என்றேன்.

தாத்தா சிரித்தாள்.

“அவ தொடங்கினா நிப்பாட்ட மாட்டா, தம்பி. எனக்குத்தான் இடையில ஒரு வார்த்த செல்லக் கெடைக்கிறல்ல.”